வலிப்பு நின்றது சாவியாலா? ஒரு நிமிடக் கணக்கும் ஒளித்து வைத்த மாத்திரையும்

கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருக்கும் ஒருவர் திடீரென்று விறைத்துக் கீழே விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது. அடுத்த பத்து விநாடிக்குள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும். அது என்ன குரல் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

"அண்ணாச்சி, சாவி இருந்தா குடுங்க!"

பைக் சாவி வரும், வீட்டுச் சாவி வரும், எதுவும் கிடைக்காவிட்டால் சோடாக் கடையிலிருந்து மூடி திறக்கும் கருவி வரும். கிராமத்துப் பக்கம் என்றால் அரிவாளோ கடப்பாரையோ வரும். கரிசல் காட்டில் இரும்புக்கா பஞ்சம்? இறுக மூடியிருக்கும் கையை நாலு பேர் சேர்ந்து பிரித்து, உள்ளே சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கும். உடம்பு தளரும். "பாத்தியா, இரும்பு பட்டதும் நின்னுருச்சு" என்று சொல்லிக்கொண்டே கூட்டம் கலையும்.

அந்தக் கூட்டத்தில் யாரும் கெட்டவர் இல்லை. விழுந்து கிடப்பவரைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகாமல் ஓடி வந்தவர்கள் அவர்கள். அவர்கள் கவனிக்காத ஒன்று கடிகாரம்.

பெரும்பாலான வலிப்புகள் ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் தாமாகவே நின்றுவிடும். மூளை தானே அதை அடக்கிக்கொள்ளும். ஆள் விழுந்து, கூட்டம் கூடி, சாவி கேட்டு, பையில் துழாவி, கையைப் பிரித்து வைப்பதற்குள் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஓடியிருக்கும். வலிப்பு கிளம்பும் நேரத்தில்தான் சாவி வந்து சேர்கிறது. நடத்துநர் விசில் அடித்த அதே நேரத்தில் வெளியே நின்று கைகாட்டியவர், தன்னால்தான் பேருந்து புறப்பட்டது என்று நினைத்துக்கொள்வது போலத்தான் இதுவும்.

"உடம்புல ஓடுற கரண்ட இரும்பு இழுத்துரும்" என்று விஞ்ஞானம் பேசுபவர்களும் உண்டு. மூளையில் மின்சாரம் ஓடுவது உண்மைதான். ஆனால் தலைத்தோலின் மேல் வைத்து இ.இ.ஜி. கருவியில் அளந்தால், அது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் கணக்கிடப்படும் சங்கதி. உள்ளங்கையில் இருக்கும் சாவி அதை எங்கே போய் இழுப்பது? சாவி வைத்தால் நிற்கும் வலிப்பு, வைக்காவிட்டாலும் நிற்கும். நிற்காத வலிப்பு, கடப்பாரையே வைத்தாலும் நிற்காது.

இதில் கெடுதல் என்ன, வைத்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றலாம். விறைத்த விரலை வலுக்கட்டாயமாகப் பிரித்தால் காயமாகும், எலும்புகூட முறியலாம். கூர்மையான இரும்பு என்றால் வெட்டும். அதைவிடப் பெரிய கெடுதல், சாவியைத் தேடும் அவசரத்தில் செய்ய வேண்டிய வேலையை யாரும் செய்வதில்லை. தலை சிமென்ட் தரையில் முட்டிக்கொண்டே இருக்கும்.

புகழ் யாருக்கு, பழி யாருக்கு?

இந்த நிமிடக் கணக்கை மாதக் கணக்காக மாற்றிப் பாருங்கள். வலிப்பு நோய் உள்ள பலருக்கு ஒரு வலிப்புக்கும் அடுத்த வலிப்புக்கும் இடையே வாரங்கள் போகும், மாதங்கள் போகும். வந்த மறுநாள் மந்திரித்துத் தாயத்துக் கட்டினால், அடுத்த மூன்று மாதத்துக்கு ஒன்றும் வராது. கட்டாமல் இருந்திருந்தாலும் வந்திருக்காது. ஆனால் பெயர் தாயத்துக்குப் போய்விடும். நாலாவது மாதம் மறுபடி வந்தால், "தீட்டு பட்டிருக்கும்" என்று தாயத்துக்கு ஒரு சமாதானமும் கிடைக்கும்.

மாத்திரையின் கதையே வேறு. அது வேலை செய்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வலிப்பு வரவில்லை, அவ்வளவுதான். வராத ஒன்றுக்கு யார் நன்றி சொல்வார்கள்? தினமும் விழுங்க வேண்டும், வருடக்கணக்கில் விழுங்க வேண்டும். சிலருக்குத் தூக்கக் கலக்கம் வரும், ஃபெனிடாயின் எடுத்துக்கொள்ளும் சிலருக்கு ஈறு தடிக்கும். ஆறு மாதம் வலிப்பே வரவில்லை என்றதும், "அதான் சரியாப் போச்சே, இன்னும் எதுக்கு இந்தச் சனியன்?" என்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்திய சில நாளில் வலிப்பு திரும்பினால், "இங்கிலீஷ் மருந்து கேக்கல" என்று பழி மாத்திரையின் தலையில் விழும்.

வலிப்பு பற்றிய நம்மூர்ப் பேச்சு பெரும்பாலும் இந்தத் தலைகீழ்க் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பயனில்லாதவை எல்லாம் பலர் பார்க்க நடக்கின்றன. பயன்படுவது வீட்டுக்குள், யாருக்கும் தெரியாமல், அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

ஒளித்து வைப்பவர்கள் எத்தனை பேர்? வேலூர் மாவட்டத்தில் சி.எம்.சி. மருத்துவர்கள் நடத்திய பெரிய கணக்கெடுப்பின் முடிவு 2006-ல் வெளியானது. ஆயிரம் பேரில் ஏறத்தாழ 4 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அதே கணக்கைக் கோவில்பட்டிக்குப் போட்டுப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகராட்சியில் மட்டும் சுமார் 95,000 பேர். அப்படியென்றால் நகருக்குள்ளேயே ஏறக்குறைய 380 பேர். உங்களுக்குத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலோரின் பதில் ஒன்று, இரண்டு என்றுதான் இருக்கும். மீதிப் பேர் நோய் இல்லாதவர்கள் இல்லை. சொல்லாதவர்கள்.

டிரான்ஸ்பார்மர் தெரியும்தானே?

கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்த நோயை விளக்குவது சுலபம். மும்முனை மின்சாரம் வந்ததும் ஊரில் உள்ள அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டால் என்ன ஆகும்? டிரான்ஸ்பார்மர் திணறும், ஃபியூஸ் போகும். மூளையில் உள்ள கோடிக்கணக்கான நரம்பணுக்கள் முறைவைத்து, ஒன்று மாற்றி ஒன்று சமிக்ஞை அனுப்புபவை. ஏதோ ஒரு காரணத்தால் ஒரு கூட்டம் அணுக்கள் ஒரே நேரத்தில் தாறுமாறாகச் சமிக்ஞை அனுப்பினால் அதுதான் வலிப்பு. மூளை முழுக்க அது பரவினால் ஆள் நினைவிழந்து விழுவார். ஒரு மூலையோடு நின்றால் ஒரு கை மட்டும் துடிக்கலாம், முகம் ஒரு பக்கம் இழுக்கலாம்.

இழுக்கவே இழுக்காத வலிப்பும் இருக்கிறது. இதுதான் பலருக்குத் தெரியாது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை சில விநாடி வெறித்துப் பார்க்கும், கூப்பிட்டால் திரும்பாது, பிறகு ஒன்றும் நடக்காதது போல எழுதத் தொடங்கும். ஒரு நாளில் பல முறை இப்படி நடக்கலாம். "கனாக் காண்றான்" என்று ஆசிரியரிடம் அடி வாங்கிய பிள்ளைகளில் சிலருக்கு இருந்தது இந்த வகை வலிப்பாக இருக்கலாம். பெரியவர்களில் சிலருக்கு உதட்டைச் சப்புக்கொட்டுவது, சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே இருப்பது, எழுந்து எங்கேயோ நடப்பது என்று ஓரிரு நிமிடம் போகும். கேட்டால் எதுவும் நினைவிருக்காது. பக்கத்தில் இருப்பவர்கள் பேய் என்று முடிவு கட்ட இதைவிட என்ன வேண்டும்?

கோயில் கொடை நேரத்தில் இன்னொரு குழப்பம். விடிய விடிய வில்லுப்பாட்டு, கரகாட்டம், சாமியாட்டம். தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும் முக்கியமான காரணங்களில் ஒன்று. விரதம் என்று மாத்திரையையும் நிறுத்தியிருந்தால் கேட்கவே வேண்டாம். அதிகாலையில் கோயில் வாசலில் ஒரு பெண் விழுந்து இழுக்கும்போது, பார்ப்பவர்களுக்குத் தெரிவது மேளமும் சாமியும்தான். இரண்டு நாள் தூங்காததும் நாலு வேளை மாத்திரை தவறியதும் யார் கண்ணுக்கும் தெரியாது. சாமியாட்டம் என்பது வேறு, அதற்கு ஊரில் தனி மரியாதை உண்டு. வலிப்பு என்பது வேறு.

பச்சைப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வரும் வலிப்பையும் இதோடு சேர்த்துவிடக் கூடாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சில பிள்ளைகளுக்கு அது வரும். அவர்களில் பெரும்பாலோருக்கு வளர்ந்தபின் வலிப்பு நோய் இருக்காது. மருத்துவரிடம் காட்ட வேண்டும், சூடு போடக் கூடாது.

காக்காவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஒன்றுமில்லை. கால், கை இரண்டும் இழுப்பதால் 'கால் கை வலிப்பு' என்று இருந்தது, பேச்சில் தேய்ந்து 'காக்கா வலிப்பு' ஆனது என்பது பலரும் சொல்லும் விளக்கம். பாவம், காக்கா நடுவில் மாட்டிக்கொண்டது. பெயரில் பறவை வந்ததும் கேலியும் கூடவே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை விழுந்த பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு வரை அதுதான் பட்டப்பெயர்.

மலேசியாவில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. மலாய் மொழியில் பழைய பெயர் 'கிலா பாபி', அதாவது பன்றிப் பைத்தியம். அந்தப் பெயரை ஒழிக்க அங்கே மருத்துவர்களும் நோயாளிகளும் பாடுபட வேண்டியிருந்தது. தென்கொரியாவில் இழிவாக ஒலித்த பழைய பெயரைக் கைவிட்டு, 'மூளை மின் கோளாறு' என்ற பொருள் வரும் புதிய சொல்லுக்கு மாறினார்கள். பெயரை மாற்றினால் நோய் போகாதுதான். ஆனால் 'என் மகளுக்குக் காக்கா வலிப்பு' என்று சொல்லக் கூசும் தாய், 'நரம்புக்கு மருந்து எடுக்கிறாள்' என்று சுற்றிவளைத்துச் சொல்வதை நம்மூரில் சாதாரணமாகக் கேட்கலாம். அந்தக் கூச்சத்தோடுதான் மருத்துவரிடமும் பாதியை மறைக்கிறார்கள்.

சாபமா, பரம்பரையா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு என்ன காரணம் என்றே கண்டுபிடிக்க முடிவதில்லை. மீதிப் பேருக்குப் பிரசவத்தின்போது குழந்தைக்கு மூச்சுத்திணறியது, தலையில் அடிபட்டது, மூளைக்காய்ச்சல், பக்கவாதம், மூளைக் கட்டி என்று பல காரணங்கள். சில வகைகளில் மரபணுவுக்கும் பங்கு உண்டு. ஆனால் 'அந்தக் குடும்பத்து ரத்தமே அப்படி' என்று ஒரு வீட்டையே ஒதுக்கிவைக்கும் அளவுக்கு அது பெரிதில்லை.

நம் பக்கத்தில் பேசப்படாத காரணம் ஒன்று இருக்கிறது. வேலூர் ஆய்வில் வலிப்பு நோயாளிகளில் 34 சதவீதம் பேருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு, மூளையில் நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டிகள் காரணமாக இருந்தன. இது பன்றியோடு சம்பந்தப்பட்ட புழு. ஆனால் பன்றிக்கறி சாப்பிட்டால்தான் வரும் என்பது தவறு. வயிற்றில் புழு உள்ள மனிதரின் மலத்தில் அதன் முட்டைகள் வெளியேறும். அது தண்ணீர் வழியாகவோ, கழுவாத காய்கறி வழியாகவோ, கழுவாத கை வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போனால், புழு ரத்தத்தில் ஏறி மூளைக்குள் போய்த் தங்கிவிடும். சுத்த சைவமாக இருப்பவருக்கும் இது வரும். வேலிக்கருவை மறைவை இன்னும் கழிப்பறையாகப் பயன்படுத்தும் ஊரில், அந்தப் பக்கமே பன்றிகளும் திரியும் ஊரில், கொத்தமல்லித் தழையை அலசாமல் சட்னிக்குப் போடுகிற வீட்டில் இதற்கு வழி திறந்திருக்கிறது. பரிகாரம் செய்ய வேண்டியது கழிப்பறைக்கும் குடிநீருக்கும்தான். ஸ்கேனில் இது தெரிந்துவிட்டால் மருந்தும் உண்டு.

ஆனால் பொதுமக்கள் மனதில் இருப்பது வேறு படம். படிப்பறிவில் முன்னால் நிற்கும் கேரளத்திலேயே, 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், கேள்வி கேட்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்துக்கு மூன்று பேர் இதைப் பரம்பரை நோய் என்றார்கள். கால்வாசிக்கும் சற்று மேற்பட்டவர்கள் ஒருவகைப் பைத்தியம் என்றார்கள். இத்தனைக்கும், வலிப்பைப் பற்றிக் கேள்விப்படாதவர் என்று அங்கே அநேகமாக யாருமே இல்லை. கேள்விப்பட்டிருப்பது வேறு, தெரிந்திருப்பது வேறு.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஜான்டி ரோட்ஸைத் தெரியாமல் இருக்காது. 1992 உலகக் கோப்பையில் பறந்து போய் ஸ்டம்பில் விழுந்து இன்சமாமை ரன் அவுட் செய்தாரே, அவருக்கு வலிப்பு நோய் உண்டு. அதை அவர் மறைத்ததில்லை. ஹாக்கியிலும் கெட்டிக்காரர் அவர் என்பதைக் கோவில்பட்டிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்லலாம்.

கல்யாணப் பேச்சு

எல்லாவற்றையும்விட இந்த நோய் வீட்டைப் பிடித்து உலுக்குவது பெண் பார்க்க வரும் நாளில்தான். மாப்பிள்ளைக்கு இருந்தால் ஓரளவு பூசி மெழுகிவிடுவார்கள். பெண்ணுக்கு என்றால் தரகர் முதல் மதினி வரை எல்லோரும் ஒரே ஆலோசனைதான் சொல்வார்கள்: "இப்பச் சொல்லாத தாயி, கல்யாணம் ஆனா சரியாப் போகும்."

சரியாகப் போகாது. கல்யாணத்துக்கும் மூளையின் மின்சாரத்துக்கும் தொடர்பு கிடையாது. நடப்பது இதுதான். புகுந்த வீட்டில் மாத்திரை அட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெண் திண்டாடுவாள். யாராவது பார்த்தால் என்ன சொல்வது? ஒரு நாள் தவறும், இரண்டு நாள் தவறும், ஒரு வாரம் ஆகும். கல்யாண வேலையில் தூக்கமும் கெட்டிருக்கும். மறைத்தது வெளியே வரும் விதமும் அதுதான், எல்லோர் முன்னாலும் அடுப்படியில் விழுவாள். 2007-ல் 'எபிலெப்சியா' என்ற மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு, கல்யாணத்துக்கு முன்பே வலிப்பு இருந்த 82 இந்தியப் பெண்களைப் பற்றியது. பாதிக்கு மேற்பட்டவர்கள் வரன் பேசும்போது மறைத்திருந்தார்கள். மறைத்தவர்கள் மருந்தை ஒழுங்காக எடுக்கவும் மருத்துவரைப் பார்க்கவும் கஷ்டப்பட்டார்கள். மணவாழ்க்கையும் நிம்மதியாக இல்லை.

இதில் சட்டத்துக்கும் ஒரு பங்கு இருந்தது. 1976-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. அடிக்கடி பைத்தியமோ வலிப்போ வருபவருக்குத் திருமணத் தகுதி இல்லை என்று பைத்தியத்தையும் வலிப்பையும் ஒரே வரியில் வைத்தது அந்தத் திருத்தம். அடுத்த 23 வருடம் அந்த வரி அப்படியே கிடந்தது. 1999-ல்தான் 'வலிப்பு' என்ற சொல்லை நீக்கினார்கள். நீக்கியது பல வீடுகளுக்கு இன்றும் தெரியாது. "சட்டமே செல்லாதுன்னு சொல்லுதே" என்று கல்யாணத்தை முறிக்க நினைப்பவர்களுக்கு இப்போது சட்டத்தில் அந்த இடம் இல்லை. 2023-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, வலிப்பு நோய் தீராத நோயும் அல்ல, மனநோயும் அல்ல, அதைக் காட்டி விவாகரத்துக் கேட்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது.

மறைப்பதில் உயிரோடு விளையாடும் இடம் ஒன்று உண்டு. அது கர்ப்பம். சோடியம் வால்ப்ரோயேட் என்ற மருந்து வலிப்புக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் அதைக் கர்ப்ப காலத்தில் எடுத்தால் 100 குழந்தைகளில் சுமார் 10 குழந்தைகள் பிறவிக் குறையோடு பிறக்கலாம். 30 முதல் 40 குழந்தைகளுக்குக் கற்றல், வளர்ச்சிச் சிக்கல் வரலாம். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு வேறு மருந்து பார்க்க வேண்டும், ஃபோலிக் அமிலம் முன்கூட்டியே தொடங்க வேண்டும். இதையெல்லாம் கர்ப்பத்துக்கு முன்பே செய்ய வேண்டும். மாமியாரோடு மருத்துவமனைக்கு வந்திருக்கும் பெண் வாயே திறக்கவில்லை என்றால் மருத்துவருக்கு எப்படித் தெரியும்? பயந்துபோய்த் திடீரென்று மாத்திரையை நிறுத்துவது இன்னும் ஆபத்து. வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் கேடு. திருவனந்தபுரத்தில் 1998 முதல் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளைப் பதிவு செய்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆரோக்கியமான குழந்தையோடு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

அறுபது கிலோமீட்டர்

மருந்து விலை உயர்ந்ததா? இல்லை. ஃபீனோபார்பிட்டல் 1912-லிருந்து வலிப்புக்குக் கொடுக்கப்படுகிறது, ஃபெனிடாயின் 1938-லிருந்து. இவை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். முறையாக மருந்து எடுத்தால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்த மருந்துகள் ஒரு கிராமத்து வட்டாரத்தில் எப்படி வேலை செய்யும் என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் எளந்தூர் என்ற வட்டாரத்தில் 1990 வாக்கில் நரம்பியல் மருத்துவர் கே.எஸ்.மணியும் அவரது குழுவினரும் வீடு வீடாகக் கணக்கெடுத்து, நோயாளிகளுக்கு இந்த இரண்டு பழைய மருந்துகளில் ஒன்றைக் கொடுத்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2001-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. புது மருந்து இல்லை, பெரிய கருவி இல்லை. விலை குறைந்த மருந்தே போதும், அது கைக்குத் தவறாமல் வந்து சேர வேண்டும்.

அந்த 'தவறாமல்' என்ற சொல்லில்தான் கரிசல் காட்டின் சிக்கல் எல்லாம் இருக்கிறது. கோவில்பட்டியில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. நரம்பியல் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்றால் திருநெல்வேலி அரசு மருத்துவமனைக்கு அறுபது கிலோமீட்டர், மதுரைக்கு நூறு கிலோமீட்டர். புதூர், நாகலாபுரம் பக்கத்து ஊர் என்றால் முதலில் கோவில்பட்டிக்கோ அருப்புக்கோட்டைக்கோ வர வேண்டும். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போகும், கூட வருபவருக்கு இன்னொரு கூலி. ஐப்பசியில் மழை பெய்து விதைப்பு தொடங்கிவிட்டால் யாருக்கும் நேரமிருக்காது. மாத்திரை தீர்ந்துபோகும் தேதி விதைப்புக்காகக் காத்திருக்குமா?

வேலை இடத்திலும் மறைக்கிறார்கள். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் மருந்து முக்கும் இடத்துக்குப் பதிலாகக் குச்சி அடுக்கும் இடத்தில் உட்கார வைத்தால் போதும், ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. கட்டுப்படாத வலிப்பு உள்ளவர் தனியாகக் கிணற்றில் குளிக்கக் கூடாது, கண்மாயில் இறங்கக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது. அடுப்பங்கரையில் கூட ஒருவர் இருக்க வேண்டும். பைக் ஓட்டுவது தனிச் சிக்கல். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் ஒன்றில் வலிப்பு வருமா என்ற கேள்வியே இருக்கிறது. பலர் 'இல்லை' என்று குறித்துவிட்டுப் புறவழிச்சாலையில் பறக்கிறார்கள். அது அவர் உயிர் மட்டும் சம்பந்தப்பட்ட பொய் இல்லை.

மருந்துக்குக் கட்டுப்படாத 30 பேரை மறந்துவிடக் கூடாது. அவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சை பலன் தரும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனம் இதில் நாட்டிலேயே பெயர் பெற்ற இடங்களில் ஒன்று. கோவில்பட்டியிலிருந்து ரயிலில் போய்விடும் தூரம்தான்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை விட்டுவிடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, சொல்லவும் தேவையில்லை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி, சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அதே ஏர்வாடியில் பின்னால், பிரார்த்தனைக்கு வருபவர்களுக்குத் தர்கா பக்கத்திலேயே மருத்துவமும் கொடுக்கும் ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. கையில் கயிறும் இருக்கட்டும், பையில் மாத்திரையும் இருக்கட்டும் என்பதுதான் அதன் வழி. வலிப்புக்கும் அது பொருந்தும்.

சாவிக்குப் பதிலாக

அடுத்த முறை உங்கள் கண்முன் யாராவது விழுந்தால் முதலில் மணியைப் பாருங்கள். பக்கத்தில் கல், அடுப்பு, இரும்பு எது இருந்தாலும் தள்ளி வையுங்கள். தலைக்கு அடியில் துண்டையோ பையையோ மடித்து வையுங்கள். கழுத்துப் பக்கம் இறுக்கமாக இருந்தால் தளர்த்துங்கள். கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்காதீர்கள். பல்லுக்கிடையில் கரண்டி, துணி எதுவும் வேண்டாம். நாக்கை விழுங்கிவிடுவார் என்பது கட்டுக்கதை. கரண்டி வைத்தால் பல்தான் உடையும். சோடாவோ தண்ணீரோ புகட்டாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். இழுப்பு தளர்ந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழிந்துவிடும். முழு நினைவு வரும்வரை கூடவே இருங்கள்.

ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை, நினைவு வருவதற்குள் மறுபடி வருகிறது, முதல்முறையாக வருகிறது, கர்ப்பிணி, தலையில் அடி, தண்ணீரில் விழுந்தவர் என்றால் உடனே 108.

இன்னொருவரிடம் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வலிப்பு வரும் நேரத்தில் மருத்துவர் அங்கே இருப்பதில்லை. "திடீர்னு விழுந்தான், இழுத்துச்சு" என்ற ஒரு வரியை வைத்துத்தான் அவர் வகையைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. எந்தக் கை முதலில் துடித்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அந்த வீடியோவில் இருந்தால் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க அது பெரிய உதவி. முகமும் கைகால்களும் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். நினைவு வந்து எழுந்ததும் அவர் வீட்டாரின் எண்ணைக் கேட்டு அவர்களுக்கு மட்டும் அனுப்பிவிட்டு, அவர் கண்முன்னாலேயே உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.